கையெழுத்தின் விலை



2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மும்பை ஆஸ்டாகுரு ஏல நிறுவனம் மகாகவி தாகூர் கைப்பட எழுதிய 35 கடிதங்களை ஏலமிட்டது. அவை ஏறத்தாழ 5 கோடியே 90 லட்சம் ரூபாய்க்கு விலைபோயின. இரண்டாயிரம் பாடல்களுக்குமேல் இயற்றி இசையமைத்த அப்பெரியார், இசையறிஞர் தூர்ஜடி பிரசாத் முகர்ஜிக்கு 1927 முதல் 1936 வரை வரைந்த மடல்கள் அவை. மேலைநாட்டிலும் இவ்வாறே. பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் தம் இரு நகைச்சுவை நூல்களுக்காக எழுதியும் வரைந்தும் வைத்த தாள்கள், 2014இல் நியூயார்க்கில் சதபீஸ் ஏலத்தில் 29 லட்சம் டாலர் பெற்றன.

இவ்விருவர் எழுத்திலும் பெரும்பகுதி முன்னரே அச்சேறியதே. பின், கோடிகள் எதற்கு? அச்சில் வராத ஒன்று கையெழுத்தில் உண்டு. தாகூர் 1924இல் 'பூரபி' கவிதைகளை எழுதுகையில், அடித்துவிட்ட சொற்களையே கோடுகளால் இணைத்துச் சித்திரமாக்கினார். எண்ணம் பிறந்த தடம் அத்தாளில் மட்டுமே உள்ளது.

பாலவாக்கத்துக் குடும்பம் ஒன்று அண்மையில் எம்மை நாடிற்று. பாட்டனார் எழுதிய கீர்த்தனை ஏடுகள் மூன்று அவர்கள் வீட்டில் உள்ளன. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வழியில்லை. "விற்றால் பாவமா, சாமி?" என்று தாய் கேட்டார். "விற்றால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது?" என்றார் அத்தை.

விற்பது பாவமன்று, பிள்ளையின் படிப்பும் பாட்டனாரின் ஆசையே. ஆயினும் பெரும் புகழுடையோர் கையெழுத்துக்கே பெருந்தொகை கிடைக்கும் என்பதை முதலில் உணரவேண்டும். விற்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்க. பக்கம் பக்கமாகக் கிழித்து விற்கவேண்டாம். குறைந்தது 75 ஆண்டுப் பழமையும் இலக்கிய மதிப்பும் உள்ள கையெழுத்துப்படியைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது என்பதையும் மறவாதீர்.

யாரிடம் கொடுக்கிறோம் என்பதே தலையாய வினா. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஆயுள் முழுதும் தேடிச் சேர்த்த நூல்களை, 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கிற்று. ஆயினும் அவை கடல் கடக்கவில்லை. 1994இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாயின. இன்று பாலவாக்கத்துக்கு அண்மையிலுள்ள தரமணியில் எவரும் சென்று பயிலலாம். குடும்பமும் பணம் பெற்றது. தமிழும் தன் செல்வத்தை இழக்கவில்லை.

இரும்புப் பெட்டியில் அடைபட்ட ஏடும், பரணில் செல்லரிக்கும் ஏடும் படிப்பாரற்றுப் போவதில் ஒன்றே. உங்கள் வீட்டுப் பரணிலும் அத்தகைய ஏடு இருக்கலாம். பழைய தாள் வாங்குபவர் தராசில் ஏறுமுன் அதை ஒருமுறை திறந்து பாருங்கள்.