சோதனையில் கெட்ட சரக்கு யார் கணக்கில்?

சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் தோல், காவேரிப்பாக்கத்தைக் கடந்துதான் ராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் போகிறது. அதைச் சோதிக்காமல் உள்ளே விடவே கூடாது. உப்புப் போட்ட தோலிலும் அடைப்பான் நோயின் கிருமி வித்து உயிரோடு கிடக்கும். மாட்டையும் கொல்லும், தோல்மண்டியில் கூலிக்கு நிற்பவரையும் கொல்லும். அந்த நோய்க்குத் தடுப்பூசி தயாரிக்கும் நிலையம் 1932 முதல் நம் ராணிப்பேட்டையிலேயே இருக்கிறது.

ஆனால் சோதனைக்காகத் திறந்த கன்டெய்னர் வெயிலில் கிடந்தால்? பிரித்த கட்டு மழையில் நனைந்தால்? சூடு தாங்காமல் உப்புத்தோல் சிவந்துபோகும், மயிர் கழலும், அழுகல் வாடை வரும். எந்த டேனரியும் அதை முழு விலைக்கு வாங்காது. பெரிய கம்பெனி சமாளித்துவிடும். கடன் வாங்கிச் சரக்கு எடுத்த சின்ன வியாபாரி என்ன செய்வார்?

இந்தச் சோதனைக்கு 1898ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டம்தான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு செய்த காரியத்துக்காக யார்மீதும் வழக்குப் போட முடியாது என்கிறது அதன் 5ஆம் பிரிவு. கவனக்குறைவாகச் செய்தாலும் நேர்மையாகச் செய்திருந்தால் அது நல்லெண்ணமே என்று 1897ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம் விளக்கம் தருகிறது. நோய்ச் சந்தேகத்தில் சரக்கை நிறுத்தும் அதிகாரிக்கு இந்தக் காப்பு வேண்டும். அவர் பயந்து பயந்து வேலை செய்தால் நமக்குத்தான் ஆபத்து. அரசுக்கு எதற்கு இந்தக் காப்பு?

ஆந்திர வியாபாரி நாகேந்திர ராவின் வழக்கைப் பாருங்கள். 1975இல் அவருடைய உரத்தையும் தானியத்தையும் அத்தியாவசியப் பொருள் சட்டத்தின்கீழ் அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்க உத்தரவு வந்தபோது சரக்கு கெட்டிருந்தது, அளவும் குறைந்திருந்தது. அரசின் இறையாண்மை அதிகாரம் என்று சொல்லி உயர் நீதிமன்றம் கைவிரித்தது. 1994இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அரசு இழப்பீடு தர வேண்டும் என்றது. இத்தனைக்கும் அந்தச் சட்டத்திலும் நல்லெண்ணக் காப்பு இருந்தது. ஆனாலும் அந்த வியாபாரிக்கு நியாயம் கிடைக்க ஏறக்குறைய இருபது ஆண்டு ஆனது. வட்டி அதுவரை காத்திருக்குமா?

நோய் கண்ட சரக்கை அழிக்கட்டும். அதற்கு ஒரு ரூபாய்கூடக் கேட்க மாட்டோம். நோயில்லை என்று விடுவித்த சரக்கு அரசின் பொறுப்பில் இருந்தபோது கெட்டிருந்தால், குறித்த நாளுக்குள் அரசே ஈடு தர வேண்டும் என்று 1898 சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டும்.

அதுவரை, வியாபாரிகளே, கன்டெய்னரைத் திறக்கும்போது உங்கள் ஆள் பக்கத்தில் இருக்கட்டும். சரக்கின் நிலையை எழுதி, படம் பிடித்து, கையெழுத்து வாங்குங்கள். அரசுமீது வழக்குப் போடுமுன் இரண்டு மாத நோட்டீஸ் தர வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.