அம்மாவுக்கு அனுமதி கொடுங்க, உங்க பின் நம்பரைக் கொடுக்காதீங்க



சம்பளம் ஓசூர்லயோ பெங்களூர்லயோ வருது. செலவு பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கம் நடக்குது. தர்மபுரி மாவட்டத்துல இருந்து வேலைக்குப் போற நம்மள்ல நிறைய பேரோட நிலைமை இதுதான். அதனால என்ன பண்றோம்? ஏ.டி.எம். கார்டை அம்மாகிட்ட கொடுத்து, பின் நம்பரை ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்துட்டு பஸ் ஏறிடறோம். இன்னும் சில பேர் பழைய போனை சிம்மோட வீட்டுலயே விட்டுட்டு, தம்பிகிட்ட யு.பி.ஐ. பின்னைச் சொல்லி வைக்கிறாங்க. "இது தப்பாச்சே"ன்னு சொன்னா, "நம்ம வீட்டு ஆளுதானே, நம்பிக்கை இல்லையா?"ன்னு கேப்பாங்க.

என் கருத்தை நேரா சொல்லிடறேன். நம்பிக்கை வேற, சாவி வேற. ஒருத்தருக்கு எந்த வேலை நடக்கணுமோ, அந்த வேலைக்கு மட்டும் அனுமதி கொடுக்கணும். மொத்த சாவியையும் தூக்கிக் கொடுத்தா, சிக்கல் வரும்போது ரெண்டு பேருமே மாட்டிக்குவோம்.

பெங்களூர்ல நடந்த ஒரு வழக்கைப் பாருங்க. 2013 நவம்பர்ல, மாரத்தஹள்ளியில இருந்த ஒரு பெண் பிரசவ விடுப்புல இருந்தாங்க. வெளிய போக முடியாததால கார்டையும் பின்னையும் கணவர்கிட்ட கொடுத்து 25,000 ரூபாய் எடுக்கச் சொன்னாங்க. மெஷின்ல பணம் வரல, ஆனா கணக்குல இருந்து கழிஞ்சுடுச்சு. வங்கி எஸ்.பி.ஐ. பல வருஷம் நடந்த வழக்குல, 2018ல நுகர்வோர் மன்றம் அவங்களுக்கு எதிரா தீர்ப்பு சொல்லிடுச்சு. பின்னை இன்னொருத்தர்கிட்ட பகிர்ந்தது விதிமீறல்ங்கறதுதான் காரணம். கணவரே ஆனாலும் அவர் "இன்னொருத்தர்"தான். செல்ஃப் செக்கோ அனுமதிக் கடிதமோ கொடுத்து அனுப்பியிருக்கணும்னும் மன்றம் சொல்லுச்சு.

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். செல்ஃப் செக்ங்கறது 25,000 ரூபாய்க்கு மட்டும், ஒரே ஒரு தடவைக்கு மட்டும் கொடுக்கற அனுமதி. பின்ங்கறது கணக்குல இருக்கற மொத்தத்துக்கும் சாவி. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில வெளியிட்ட சுற்றறிக்கையும் இதையேதான் சொல்லுது. பின், பாஸ்வேர்டு மாதிரி விவரங்களை வாடிக்கையாளரே பகிர்ந்து நஷ்டம் வந்தா, வங்கிக்குப் புகார் சொல்ற வரைக்குமான நஷ்டம் முழுக்க வாடிக்கையாளர் தலையிலதான்.

வெப்சைட் நடத்துறவங்க இந்த விஷயத்துல நம்மள விடத் தெளிவு. வேர்ட்பிரஸ்ல அட்மினிஸ்ட்ரேட்டர், எடிட்டர், ஆத்தர், கான்ட்ரிபியூட்டர், சப்ஸ்கிரைபர்னு அஞ்சு ரோல் இருக்கு. டெக்னிக்கலா எதுவும் தெரியாத ஒருத்தர் கட்டுரை எழுதிப் போடணும்னா, அவருக்கு ஆத்தர் ரோல் கொடுப்பாங்க. தன் கட்டுரையை அவரே எழுதலாம், அவரே வெளியிடலாம். அடுத்தவர் கட்டுரையையோ சைட் செட்டிங்ஸையோ தொட முடியாது. இதுல அவருக்கு ஒரு அவமானமும் இல்ல. தெரியாம எதையாவது அமுக்கி சைட்டையே கவுத்துடுவோமோங்கற பயம் இல்லாம நிம்மதியா எழுதுவார்.

பண உலகம் இந்தப் பாடத்தை அடிபட்டுத்தான் கத்துக்கிச்சு. பங்குச் சந்தையில முன்னாடி டீமேட் கணக்கு திறக்கும்போதே புரோக்கருக்கு பவர் ஆஃப் அட்டர்னி எழுதிக் கொடுக்கறது சகஜம். 2019 நவம்பர்ல கார்வி புரோக்கிங் நிறுவனம் மேல செபி நடவடிக்கை எடுத்துச்சு. வாடிக்கையாளர்கள் கொடுத்த அந்த அதிகாரத்தை வச்சு, அவங்க பங்குகளையே அடகு வச்சுக் கடன் வாங்கியிருந்தாங்க. மதிப்பு 2,000 கோடி ரூபாய்க்கும் மேல. அப்புறம் 2022ல செபி டி.டி.பி.ஐ.ன்னு ஒரு படிவத்தைக் கொண்டு வந்துச்சு. நீங்க வித்த பங்கை டெலிவரி பண்றது, மார்ஜினுக்கு அடகு வைக்கறது மாதிரி சில குறிப்பிட்ட வேலைக்கு மட்டும்தான் அதுல அனுமதி. அதுவும் கட்டாயம் இல்ல.

சரி, நம்ம வீட்டுக்கு வருவோம். அம்மாவுக்கு எந்த "ரோல்" கொடுக்கலாம்?

வீட்டுல ஸ்மார்ட்போன் இருந்தா யு.பி.ஐ. சர்க்கிள் பாருங்க. 2024 ஆகஸ்ட்ல வந்த வசதி, பீம் மாதிரி சில ஆப்கள்ல இருக்கு. உங்க கணக்குல இருந்து செலவு பண்ண அஞ்சு பேர் வரைக்கும் சேர்க்கலாம். இதுல ரெண்டு வகை. முழு அனுமதின்னா, மாசத்துக்கு அதிகபட்சம் 15,000 ரூபாய், ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரைக்கும் அவங்களே கட்டலாம். பகுதி அனுமதின்னா, அவங்க கடையில ஸ்கேன் பண்ணுவாங்க, நீங்க உங்க போன்ல பின் போட்டு ஓகே சொல்லணும். ரெண்டுலயும் உங்க பின் அவங்களுக்குத் தெரிய வேண்டியதே இல்ல. மளிகைக்கும் மருந்துக்கும் முழு அனுமதியே நல்லது. நீங்க மீட்டிங்ல இருக்கும்போது மெடிக்கல் ஷாப் வாசல்ல அம்மா காத்துக்கிட்டு நிக்கக் கூடாது.

பட்டன் போன்தான்னா அம்மா பேர்லயே தனிக் கணக்கு இருக்கட்டும். சம்பளம் வந்த மறுநாள் ஒரு தொகை தானா போற மாதிரி உங்க வங்கியில ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் போடுங்க. கார்டு அவங்களோடது, பின் அவங்களோடது. அதை நீங்களும் கேக்காதீங்க.

ஆஸ்பத்திரி மாதிரி அவசரத்துக்கு நாமினி உதவாது. நீங்க உயிரோட இருக்கற வரைக்கும் நாமினிக்குக் கணக்கை இயக்கற அதிகாரம் கிடையாது. அதுக்கு ஒரு ஜாயின்ட் கணக்கு திறந்து, "ஐதர் ஆர் சர்வைவர்" முறையில வையுங்க. ரெண்டு பேர்ல யார் வேணா எடுக்கலாம். இது முழு சாவிதான். அதனால அவசர நிதியை மட்டும் அதுல வச்சு, ஒரே ஒருத்தரோட திறங்க. சம்பளக் கணக்கை இதுல கலக்காதீங்க.

"பெத்த தாய்க்கே லிமிட்டா?"ன்னு சில பேருக்குக் கோபம் வரும். நியாயமான கோபம்தான். ஆனா யாருக்காக லிமிட்னு யோசிங்க. வெளியூர்ல இருந்துக்கிட்டு "அம்மா, ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும், படிச்சுச் சொல்லு"ன்னு போன்ல கேட்டு அவங்கள பழக்கினது நாமதான். நாளைக்கு "பேங்க்ல இருந்து பேசறோம்"னு ஒருத்தன் அதே மாதிரி கேக்கும்போது, அவங்க அதே மாதிரி படிச்சுச் சொல்லிடுவாங்க. அவங்க கையில 15,000 ரூபாய் அனுமதி மட்டும் இருந்தா, நஷ்டம் அதோட நிக்கும். உங்க மொத்த சேமிப்போட சாவி இருந்தா, பணம் மட்டும் போகாது. "என்னாலதான் போச்சு"ங்கற குற்ற உணர்ச்சியை அந்தம்மா காலம் பூரா சுமப்பாங்க. லிமிட் போடறது அவங்க மேல சந்தேகப்பட்டு இல்ல, அந்தப் பாரத்தை அவங்க மேல ஏத்தக் கூடாதுன்னுதான்.

இன்னொரு விஷயமும் இருக்கு. மாசா மாசம் தனக்குன்னு வர்ற பணத்தை யார்கிட்டயும் கேக்காம செலவு பண்றதுல ஒரு கௌரவம் இருக்கு. மகனோட கார்டை எடுத்துட்டுப் போறதுல அது கிடையாது.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. உங்க பின், பாஸ்வேர்டு யார் யார்கிட்ட இருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. வீடு, ரூம்மேட், வருமான வரி ஃபைல் பண்ணித் தர்றவர், எல்லாரையும் சேருங்க. ஒவ்வொரு பேருக்கும் நேரா, அவங்களுக்கு உண்மையில என்ன வேலை ஆகணும்னு எழுதுங்க. அந்த வேலைக்கு மட்டும் வழி பண்ணிக் கொடுத்துட்டு, அன்னைக்கே எல்லா பின்னையும் மாத்திடுங்க. வரி தாக்கல் பண்ணித் தர்றவரோட தகராறு, ரூம்மேட்டோட சண்டைன்னு ஆனதுக்கு அப்புறம் மாத்த உக்காந்தா லேட்டாயிடும்.