பையின் பின்புறம்

(கருத்துக் கட்டுரை)

நுழையும்முன்

வளர்ப்பு நாய்க்கு உணவு வாங்குவோர் பலர் விலையையும் படத்தையும் பார்த்தே வாங்குகின்றனர். பார்க்க வேண்டிய இடம் வேறு என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

வீட்டில் வளரும் நாய் தன் உணவைத் தானே தேடிக்கொள்வதில்லை. தெருவில் திரியும் நாய் ஒரு பொருளை முகர்ந்து பார்த்துப் பிடிக்காவிட்டால் விலகிச் சென்று வேறொன்றைத் தேடலாம். கதவுக்குள் வாழும் நாய்க்கு அந்த உரிமை இல்லை. கிண்ணத்தில் இன்று இடப்படுவதே அதன் உணவு. பெரும்பாலும் நாளையும் அதுவே உணவு. உணவினால் வயிறு வலித்தால் குழந்தை சொல்லும்; நாய் சொல்லாது. ஆகவே நாய்க்கு உணவு தேர்ந்தெடுப்பது என்பது பேச இயலாத ஓர் உயிருக்காக முடிவெடுப்பதாகும். அம்முடிவு பையின் முன்புறத்தில் உள்ள படத்தைக் கண்டு எடுக்கப்படக் கூடாது. பின்புறத்தில் உள்ள எழுத்துகளைப் படித்து எடுக்கப்பட வேண்டும்.

சட்டமும் பொறுப்பும்

மனிதர் உண்ணும் பிஸ்கட்டுக்கும் பாலுக்கும் காவலாக 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் உள்ளது. அச்சட்டம் ‘உணவு’ என்பதை மனிதர் உண்பதற்கு உரியது என்று வரையறுக்கிறது; விலங்குத் தீவனத்தை அவ்வரையறையிலிருந்து விலக்குகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் நாய், பூனை உணவுக்கெனத் தர அளவுகோல் ஒன்றை வகுத்திருக்கிறது. எனினும், அளவுகோல் ஒன்று இருப்பதாலேயே கடையில் உள்ள ஒவ்வொரு பையும் சோதிக்கப்பட்டது என்று பொருளாகாது. விலங்குகளுக்கு எதிரான கொடுமையைத் தடுக்கும் 1960ஆம் ஆண்டின் சட்டம், வளர்ப்பவர் தம் விலங்குக்குப் போதிய உணவு தராமையைக் குற்றம் என்கிறது. உணவு போதுமானதா என்று சட்டம் கேட்கிறது. நல்லதா என்று பார்க்கும் பொறுப்பு வளர்ப்பவரையே சேர்கிறது.

ஓர் எண் ஏமாற்றிய வரலாறு

2007ஆம் ஆண்டு வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் பழுதுபட்டு இறந்தன. ஆறு கோடி அளவிலான உணவு டப்பாக்களும் பொட்டலங்களும் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. ஆராய்ந்தபோது, அவ்வுணவில் சேர்க்கப்பட்ட கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்னும் வேதிப்பொருள் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. நெகிழிப் பொருள்கள் செய்யப் பயன்படும் மெலமைனை உணவில் ஏன் கலக்க வேண்டும்? புரதத்தை அளக்கும் முறையில் அதற்கு விடை உள்ளது. ஆய்வுக்கூடங்கள் வழக்கமாகப் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. உணவில் உள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25ஆல் பெருக்கிப் புரத அளவைக் கணக்கிடுகின்றன. மெலமைனில் நைட்ரஜன் மிகுதி. அதைக் கலந்தால் புரதம் கூடாமலே புரதத்தின் எண் மட்டும் கூடும்.

இவ்வரலாற்றிலிருந்து இரண்டு பாடங்களைப் பெறலாம். முதலாவது, புரதத்தின் எண்ணை மட்டும் நம்பலாகாது. அப்புரதம் எந்தப் பொருளிலிருந்து வருகிறது என்பதையும் காண வேண்டும். இரண்டாவது, பையில் அச்சிடப்பட்ட தொகுதி எண்ணைக் காக்க வேண்டும். தீய உணவு திரும்பப் பெறப்படும்போது எந்தத் தொகுதி என்பதே அறிவிக்கப்படுகிறது. உணவை அழகிய டப்பாவில் கொட்டிவிட்டுப் பையை எறிந்தவர், தம் நாய் உண்பது எந்தத் தொகுதி என்பதை அறிய வழியில்லை.

படிக்க வேண்டியவை

பையின் பின்புறத்தில் சேர்பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் எழுதப்படுகின்றன. முதலில் வருவதே எடையில் மிகுதியானது. ‘கோழி இறைச்சி’, ‘மீன்’ எனப் பெயர் சுட்டிய பொருள் முதலில் இருப்பது நன்று. ‘இறைச்சித் துணைப்பொருள்’ என்று மட்டும் இருந்தால் அது எந்த விலங்கின் எப்பகுதி என்பது விளங்காது.

அடுத்து, அவ்வுணவு ‘முழுமையான உணவு’ என்று குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். அக்குறிப்பு இல்லாதவை பெரும்பாலும் தின்பண்டங்கள். அவற்றையே அன்றாட உணவாகக் கொள்வது, பிள்ளைக்குச் சோற்றுக்குப் பதில் முறுக்கைத் தருவது போன்றது. குட்டிக்கா, வளர்ந்த நாய்க்கா என்பதும் முக்கியம். அமெரிக்கத் தீவன அளவுகோலின்படி, நீர் நீக்கிய எடையில் வளர்ந்த நாயின் உணவுக்குக் குறைந்தது 18 விழுக்காடு புரதமும், குட்டியின் உணவுக்கு 22.5 விழுக்காடு புரதமும் வேண்டும்.

‘நீர் நீக்கிய எடை’ என்பதைக் கணக்கால் அறியலாம். ஈர உணவு டப்பா ஒன்றில் ஈரம் 80 விழுக்காடு, புரதம் 8 விழுக்காடு என்க. நீரை நீக்கினால் எஞ்சுவது 20 பங்கு. அதில் 8 பங்கு புரதம். அதாவது 40 விழுக்காடு. உலர் உணவுப் பை ஒன்றில் ஈரம் 10, புரதம் 22.5 என்க. எஞ்சும் 90 பங்கில் 22.5 பங்கு என்பது 25 விழுக்காடே. பார்த்தவுடன் 22.5 பெரிதாகத் தோன்றும். கணக்கோ வேறு சொல்லும்.

காலாவதி நாளையும் காண வேண்டும். சில கடைகளில் பெரிய மூட்டையைப் பிரித்து உணவைக் கிலோக் கணக்கில் சில்லறையாக விற்கின்றனர். விலை குறைவு, ஆனால் தயாரித்த நாளோ தொகுதி எண்ணோ அதில் இல்லை. மும்பை போன்ற நகரங்களில் மழைக்காலத்தில் காற்றின் ஈரம் மிகும்போது, திறந்து கிடக்கும் தானிய உணவில் பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு நாயின் கல்லீரலைக் கெடுக்கும். கொதிக்க வைத்தாலும் அது எளிதில் அழியாது.

சமையலறையின் உணவு

கடை உணவே சிறந்தது என்பது இதன் கருத்தன்று. ஓநாயைக் காட்டிலும் நாயின் உடலில் மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவின் படிகள் மிகுதி என்று 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. மனிதரோடு வாழ்ந்து பழகிய விலங்கு அது. எனவே குழைந்த சோறும், எலும்பு நீக்கி வேகவைத்த கோழியும், அவித்த முட்டையும், பூசணியும் நாய்க்கு ஏற்றவையே. ஆனால் எலும்பில்லா இறைச்சியும் சோறும் மட்டுமே மாதக்கணக்கில் உண்ணும் குட்டிக்குக் கால்சியம் குறையும், எலும்புகள் வலுவிழக்கும். கால்நடை மருத்துவரிடம் கேட்டு அக்குறையை ஈடுசெய்ய வேண்டும்.

வீட்டு உணவு வேறு. மனிதர் உண்டு மிஞ்சிய உணவு வேறு. தமிழர் சமையலில் சாம்பாருக்கும் குழம்புக்கும் சுவை தரும் வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. வேகவைத்தாலும் அத்தீங்கு நீங்காது. பாயசத்தில் மிதக்கும் உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். சாக்லேட்டும், சைலிட்டால் சேர்ந்த சர்க்கரையற்ற மிட்டாயும் நஞ்சாகும். பிரியாணியில் வெந்த எலும்பு கூரிய சில்லுகளாக உடைந்து குடலைக் கிழிக்கலாம்.

ஒரு மறுப்பும் விடையும்

மனிதர் பலர் பசித்திருக்கும் நாட்டில் நாயின் உணவுக்கு இத்தனை ஆராய்ச்சி வேண்டுமா என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானது. ஆனால் இங்கு வேண்டப்படுவது மிகுந்த செலவன்று, மிகுந்த கவனம். விலை உயர்ந்த பையிலும் தெளிவற்ற சொற்கள் இருக்கலாம். எளிய சோறும் முட்டையும் ஏற்ற துணைச்சத்தும் குறைந்த செலவில் நல்ல உணவாகலாம். தெருநாய் கிடைத்ததைத் தின்று வாழவில்லையா என்றும் சிலர் கேட்பர். தின்று வாழ்கிறது, தின்று நோயுற்று மடிவதும் உண்டு. அது மடிவது பலர் கண்ணில் படுவதில்லை.

இப்பணியில் பிள்ளைகளுக்குத் தனி இடம் உண்டு. தில்லியிலோ புணேயிலோ வாழும் தமிழ்க் குடும்பத்தில், பகலில் நாய்க்கு உணவு வைப்பவர் பாட்டியாக இருக்கக்கூடும். பையில் உள்ள எழுத்தோ பெரும்பாலும் ஆங்கிலம். பள்ளியிலிருந்து திரும்பும் பேரப்பிள்ளை அதைப் படித்து, எது முதலில் எழுதப்பட்டுள்ளது, எந்நாள் வரை நல்லது, எவ்வளவு தர வேண்டும் என்பவற்றைத் தமிழில் எடுத்துச் சொன்னால் பாட்டியின் கை தவறாது. ‘பாட்டி, இது குட்டிக்கு ஏற்றதன்று’ என்னும் ஒரு சொல், வாய்பேசா ஓர் உயிரின் நலத்தைக் காக்கும்.

பயிற்சி

1. மெலமைன் கலந்த உணவில் புரதத்தின் எண் கூடியது ஏன்? இரண்டு தொடர்களில் எழுதுக.

2. ஈரம் 75, புரதம் 9 விழுக்காடு உள்ள உணவு ஒன்று. ஈரம் 10, புரதம் 27 விழுக்காடு உள்ள உணவு மற்றொன்று. நீர் நீக்கிய எடையில் எதில் புரதம் மிகுதி? கணக்கிட்டுக் காட்டுக.

3. வீட்டில் உள்ள ஏதேனும் ஓர் உணவுப் பையின் பின்புறத்தைப் படித்து, அதில் உள்ள செய்திகளை வீட்டுப் பெரியவர் ஒருவருக்குத் தமிழில் விளக்குவதுபோல் பத்து வரிகளில் எழுதுக.

4. ‘நாயின் உணவுக்கு இத்தனை ஆராய்ச்சி வேண்டுமா?’ – கட்டுரையின் விடையை ஏற்கிறீரா, மறுக்கிறீரா? காரணங்களுடன் எழுதுக.