எளிய தாள் இழிவாகுமா?

மயிலாப்பூர் மாடவீதியிலோ அடையாற்றிலோ எங்களைக் காணும் உறவினர் கேட்பது, "கணக்கில் ஸ்டாண்டர்டா, பேசிக்கா?" என்பதே. 'பேசிக்' என்னும்போது தோழியின் குரல் தாழ்ந்துவிடுகிறது. ஏன்?

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2020-ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புத் தேர்விலிருந்து கணிதத்திற்கு இருவகை வினாத்தாள்களைக் கொண்டுவந்தது. பாடத்திட்டம் ஒன்றே, வகுப்பும் ஒன்றே, பள்ளியின் அகமதிப்பீடும் ஒன்றே. வாரியத் தேர்வுத் தாளின் கடினம் மட்டுமே வேறு. சிங்கப்பூரிலும் 2024 முதல் உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவர் மொத்தமாகத் தரம் பிரிக்கப்படாமல், பாடத்துக்குப் பாடம் தமக்கேற்ற நிலையில் பயில்கின்றனர்.

ஊராருக்காகக் கடினத் தாளை எடுத்து, ஆண்டு முழுதும் கணக்கைக் கண்டு நடுங்குவோர் எங்களில் உண்டு. அச்சத்தால் எளிய தாளை எடுத்து, பின்னர் வருந்துவோரும் உண்டு. இருவரிடமும் யாரும் கலந்து பேசவில்லை.

அன்புப் பெற்றோரே, அடுத்து என்ன படிக்க ஆசை என்று முதலில் எங்களைக் கேளுங்கள். பிறகு ஆசிரியையைக் கேளுங்கள். பதினோராம் வகுப்பிலும் கணிதம் பயில எண்ணமிருந்தால், பெயர் பதியுமுன் அவ்வாண்டின் விதியை விசாரியுங்கள். முடிவானபின் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

தோழியரே, தாளுக்குத்தான் இருநிலை, நமக்கல்ல. தலைநிமிர்ந்து சொல்வோம்!