நகரத் திட்டத்தில் விவசாயியின் சொல்லும் ஏற வேண்டும்

நகரத்தை ஒட்டிய கிராமங்களில் பயிர் செய்யும் சிறு விவசாயிகள் பலர், நகரமைப்புச் சட்டம் என்பது பட்டணத்தில் வீடு கட்டுவோர் சமாசாரம் என்றே எண்ணி வருகின்றனர். இது சரியல்ல. எது குடியிருப்பு, எது தொழிற்சாலை, எது வேளாண்மை என்று வரையறுக்கும் முழுமைத் திட்டம் நகர எல்லையோடு நின்றுவிடுவதில்லை. சுற்றிலும் உள்ள கிராமங்களின் நஞ்சை, புஞ்சை, தோட்டம் யாவும் அதற்குள் அடங்கும்.

1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர்ப் பகுதி, 2022-ல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. புதிதாகச் சேர்ந்தவற்றில் ஏரிப் பாசனக் கிராமங்களும் உண்டு. கோவையில் 1994-ல் அமலுக்கு வந்த திட்டத்தை மாற்றி அமைக்கும் வரைவு, 2024-ல்தான் வெளியாயிற்று. வரைபடத்தில் ஒரு முறை ஏறிய குறிப்பு ஒரு தலைமுறைக்கு நிலைத்துவிடக் கூடும் என்பதற்கு இது சான்று.

‘பட்டாவில் நஞ்சை என்று இருக்கிறது, யார் என்ன செய்ய முடியும்?’ என்று சிலர் கேட்பதுண்டு. வருவாய்த் துறைப் பதிவேட்டில் உள்ள வகை வேறு, திட்ட வரைபடத்தில் உள்ள நில உபயோக வகை வேறு. வேளாண்மை என்று குறித்த இடத்தில் மனை போட, நில உபயோக மாற்றத்துக்கு அனுமதி பெற வேண்டும். குடியிருப்பு என்று குறித்துவிட்டால் அந்தத் தடை நீங்கிவிடும்.

குடியிருப்பு என்று குறித்ததாலேயே யாரும் பயிரை நிறுத்தச் சொல்லப் போவதில்லை. ஆனால், வாய்க்காலின் தலைப்பில் உள்ள நிலம் மனையானால் கடைமடைக்காரரின் கதி என்ன? கிளை வாய்க்கால் தூர்ந்து பாதையாகும். வடிகால் அடைபட்டு, மழைக் காலத்தில் தண்ணீர் நாற்றிலேயே நிற்கும். வீட்டுச் சாக்கடை வயலில் இறங்கும். ஒருவர் நிலம் மாறினால் பத்துப் பேர் பாசனம் மாறும்.

இதைத் தடுக்கச் சட்டத்திலேயே வழி உண்டு. 1971-ம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 26-வது பிரிவின்படி, முழுமைத் திட்டத்தின் வரைவு குறித்து அரசிதழிலும் நாளிதழிலும் அறிவிப்பு வெளியிட வேண்டும். ஆட்சேபணையும் ஆலோசனையும் எழுத்து மூலம் தர இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் அளிக்க வேண்டும். நேரில் சொல்ல விரும்புவோர் கேட்டுக்கொண்டால், அதற்கும் வாய்ப்புத் தர வேண்டும். எவரும் எழுதலாம், வக்கீல் வேண்டியதில்லை.

அறிவிப்பு வந்ததும் விவசாயிகள் பட்டா, சிட்டா, புலப்படம் ஆகியவற்றுடன் உள்ளூர் திட்டக் குழும அலுவலகத்துக்குச் சென்று, தம் சர்வே எண் எந்த வகையில் வருகிறது என்று பார்க்க வேண்டும். நிலத்தின் மேல் உத்தேசச் சாலை போகிறதா, வரத்து வாய்க்கால், வடிகால், குளம், மேய்ச்சல் நிலம் எல்லாம் உள்ளபடி காட்டப்பட்டுள்ளனவா என்றும் கவனிக்க வேண்டும். ‘எங்கள் நிலத்தைக் கெடுக்காதீர்கள்’ என்று பொதுவாக எழுதுவதில் பயன் குறைவு. சர்வே எண், ஏக்கர், பாசன ஆதாரம், சாகுபடியாகும் பயிர், பாதிக்கப்படும் ஆயக்கட்டு இவற்றைக் குறித்து, அடங்கல் நகலும் இணைத்துக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரே வாய்க்காலில் பாயும் அனைவரும் சேர்ந்து கையெழுத்திடுவது மேலும் நல்லது. கிராம சபைத் தீர்மானம் திட்டத்தை நிறுத்திவிடாது எனினும், பதிவில் நிற்கும்.

வேளாண்மைப் பகுதி என்று குறித்தால் நிலத்தின் விலை இறங்கும், மகள் கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ விற்க நேர்ந்தால் என்ன செய்வது என்று அஞ்சும் விவசாயிகளும் உண்டு. அந்தக் கவலையைத் தள்ளிவிட முடியாது. அவர்களும் தம் கருத்தை எழுதட்டும். மேட்டுப் புஞ்சைக்கும் ஏரிப் பாய்ச்சல் நஞ்சைக்கும் ஒரே அளவுகோல் வேண்டியதில்லை. ஆனால் தண்ணீர் போகும் வழியை அடைத்துப் பெறும் விலை, பக்கத்து வயல்காரரின் விளைச்சலிலிருந்து எடுத்த விலை என்பதை மறக்கலாகாது.

அதிகாரிகளுக்கும் ஒரு கடமை உண்டு. நடவும் களையெடுப்பும் நடக்கும் நாளில், பத்திரிகையின் ஒரு மூலையில் வரும் அறிவிப்பு உழவன் கண்ணில் படுவது அரிது. ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் அந்தக் கிராமத்தின் வரைபடத்தைச் சர்வே எண்களுடன் தமிழில் ஒட்ட வேண்டும். கிராம சபையில் அதைப் படித்து விளக்க வேண்டும். வேளாண்மைத் துறை, நீர்வளத் துறை அலுவலர்களும் உடன் இருந்தால், எந்த வாய்க்கால் எங்கே பாய்கிறது என்ற விவரம் அங்கேயே தெளிவாகிவிடும்.

நகரங்கள் வளரத்தான் செய்யும். எந்த மண்ணில் வளர்வது என்பதை முடிவு செய்யும்போது, அந்த மண்ணை உழுகிறவனைக் கேட்க வேண்டும். கேட்கும் அந்த இரண்டு மாதத்தில் அவனும் வாய் திறக்க வேண்டும். விதைக்கிற பருவத்தில் விதைக்காமல், அறுவடையில் வந்து வருந்திப் பயன் இல்லை.