வேலையைப் பறிச்சது ஏஐ இல்ல, அந்த ராஜினாமா மெயில்!

ஹாஸ்டல் நண்பன் ஒருத்தன். ஓஎம்ஆர்ல பெரிய கம்பெனி, 9 வருஷ சர்வீஸ். கொரோனா காலத்துல விழுப்புரம் வீட்டுல இருந்தே வேலை பார்த்தான். அப்புறம் ஹைப்ரிட், வாரம் 3 நாள் ஆபீஸ்னு சொன்னாங்க. பெருங்குடியில ரூம் எடுத்தான். போன மாசம் டீம்ஸ் கால்ல ஹெச்ஆர் பேசினது மொத்தம் 20 நிமிஷம். "உங்க ஸ்வைப் டேட்டா கம்மி. உங்க வேலையில பாதியை இப்போ டூலே பண்ணிடுது. நீங்களே ரிசைன் பண்ணிட்டா ரிலீவிங் லெட்டர் க்ளீனா வரும்."

பண்ணிட்டான்.

நண்பர்களே, இங்கதான் ஏமாத்து வேலையே நடக்குது. ஆட்குறைப்பு என்றால் அதற்குச் சட்டம் இருக்கிறது. பழைய 1947 தொழில் தகராறு சட்டமும் சரி, 2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசு அமலாக்கிய தொழில் உறவுத் தொகுப்பும் சரி, ஒரு வருடம் வேலை பார்த்த தொழிலாளிக்குக் காரணம் சொல்லி ஒரு மாத நோட்டீஸ், சர்வீஸ் முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் தரணும் என்கின்றன. நண்பன் கணக்கில் 135 நாள். நாலரை மாசச் சம்பளம்! ராஜினாமா பண்ணவனுக்கு இதுல ஒரு பைசா கிடையாது. அதனாலதான் ஸ்வைப் கணக்கும் ஏஐ பயமும். ரெண்டும் மிரட்டிக் கையெழுத்து வாங்குற கருவி.

2025 ஜூலையில் டிசிஎஸ் 12,000 பேருக்கு மேல் குறைப்பதாக அறிவித்தது. காரணம் ஏஐ இல்லை, திறன் பொருந்தவில்லை என்றார் அதன் தலைமை அதிகாரி. ஆனா டிவி விவாதத்துல வந்து உக்கார்ற மேதாவிங்க மட்டும் "ஏஐ வந்துடுச்சு, ஸ்கில் வளத்துக்கோ"ன்னு நமக்கே கிளாஸ் எடுக்குறாங்க. ஸ்கில் வளத்துக்குறோம் சார். அந்த 135 நாள் சம்பளம் எங்க?

"நாம லேபர் இல்ல, ப்ரொஃபஷனல்" என்ற நினைப்பும் நம்மளைக் கெடுத்துச்சு (எனக்கும் கேம்பஸ்ல அந்தத் திமிர் இருந்துச்சு). சட்டத்தின் வரையறையில் தொழில்நுட்ப வேலை செய்பவரும் தொழிலாளிதான். கார்டுல 'லீட்'னு போட்டா மட்டும் மேனேஜர் ஆகிட முடியாது, உண்மையில் என்ன வேலை என்றுதான் கோர்ட் பார்க்கும். ஐடி ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது.

புதிய தொகுப்பு செஞ்ச வேலையையும் பாருங்க. மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய் தாண்டினால் நீ தொழிலாளியே இல்லையாம்! சென்னையில் 18,000 சம்பளத்துல குடும்பம் நடத்திப் பாருங்க, அதுக்கப்புறம் சட்டம் எழுதுங்க.

நம்ம கோரிக்கை ஒண்ணுதான். ஒரே மாதத்தில் கும்பலாக வரும் 'ராஜினாமா'க்களை ஆட்குறைப்பாகக் கணக்கில் எடுத்து, தொழிலாளர் துறை விசாரிக்கணும்.

இன்னைக்கு உங்களுக்கு அந்த கால் வந்தா, கால்லயே ஓகே சொல்லாதீங்க. "காரணத்தை மெயில்ல அனுப்புங்க"ன்னு மட்டும் சொல்லுங்க. ஏற்கெனவே மிரட்டி வாங்கியிருந்தா, மெயில், சாட் எல்லாத்தையும் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்குறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு எங்க இன்பாக்ஸுக்கு வாங்க. பேர் வெளிய வராது.

#மிரட்டி_வாங்கினா_ராஜினாமா_இல்ல