கயிறு பிடிக்கப் பொருத்தம் பார்த்தீர்களா?

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். வீட்டை வாடகைக்கு விடுவதென்றால்கூட எத்தனை பேர், என்ன உத்தியோகம் என்று துருவித் துருவிக் கேட்கிறோம். ஆனால், சனி ஞாயிறு வந்தால் உங்கள் பிள்ளை பெங்களூருக்குப் பக்கத்தில் ராமநகரப் பாறைகளில் ஏறப் போகிறானே, கீழே நின்று கயிறு பிடிப்பது யார் என்று என்றைக்காவது கேட்டதுண்டா?

"அதெல்லாம் அவன் ஃப்ரெண்ட்ஸ் பார்த்துக்குவாங்க டாக்டர்" என்கிறார்கள் தாய்மார்கள். அங்கேதான் எனக்கு உதைக்கிறது. சிநேகிதன் வேறு, கயிறு பிடிப்பவன் வேறு.

பாறை ஏறுவதை நான் குறை சொல்ல வரவில்லை. நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கழுத்து பிடித்துப்போன பிள்ளைகளுக்கு அருமையான பயிற்சி. 2021-ல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கிலேயே இதைச் சேர்த்துவிட்டார்கள். ஏறுபவரின் இடுப்புப் பட்டையில் எட்டு வடிவ முடிச்சு. கயிற்றின் மறுபக்கம், கீழே நிற்பவரின் இடுப்பில் உள்ள கருவி வழியாக ஓடுகிறது. மேலே கை வழுக்கினால் கீழே இருப்பவர்தான் தாங்க வேண்டும். அதனால் அவருடைய 'பிரேக்' கை கயிற்றை விட்டு ஒரு நொடிகூட நகரக் கூடாது. கொசு கடித்தாலும் சரி, செல்போன் அலறினாலும் சரி!

நம் மலைகளில் தேன் எடுப்பவர்கள் இதையெல்லாம் எப்போதோ யோசித்து வைத்துவிட்டார்கள். (சித்த வைத்தியனுக்குத் தேன் இல்லாமல் கை ஓடாது, பாதி மருந்துக்கு அதுதானே அனுபானம்!) நீலகிரிப் பக்கம் குறும்பர்கள், காட்டுக்கொடியில் பின்னிய ஏணியைப் பிடித்துக்கொண்டு செங்குத்துப் பாறையில் தேனடைக்கு இறங்குவார்கள். மேலே அந்த ஏணிக்குக் காவல் யார்? ஊரிலேயே பலசாலியா? இல்லை. மனைவியின் சகோதரன், அதாவது மச்சான்! இவர் விழுந்தால் தன் கூடப்பிறந்தவள் வாழ்க்கை போய்விடுமே என்ற கவலை அவனுக்கு இருக்குமல்லவா? எவ்வளவு நுட்பமான கணக்கு பாருங்கள். நீங்கள் பத்திரமாகத் திரும்புவதில் யாருக்கு அக்கறை இருக்கிறதோ, அவர் கையில்தான் கயிறு.

ராமநகரத்துக்கு மச்சானைக் கூட்டிப்போக எல்லோராலும் முடியாதுதான். அந்தக் குணத்தையாவது தேடலாமே?

முதலில் உடம்பைப் பாருங்கள். ஏறுபவர் கனத்த சரீரம், பிடிப்பவர் ஒல்லி என்றால், மேலே இருப்பவர் விழுந்த வேகத்தில் கீழே நிற்பவர் தரையை விட்டுத் தூக்கப்படுவார். எடை கிட்டத்தட்ட ஒத்துப்போனால் நல்லது. இல்லாவிட்டால் பிடிப்பவரைத் தரையோடு கட்டி நிறுத்தும் ஏற்பாடு வேண்டும்.

அடுத்தது சுபாவம். எங்கள் படிப்பில் யாக்கை இலக்கணம் என்று ஒரு பாடம் உண்டு. வாத உடம்புக்காரர் துறுதுறுவென்று இருப்பார், கவனம் நாலு பக்கமும் ஓடும். பித்த உடம்புக்காரருக்கு வேகமும் வீம்பும் அதிகம். கப உடம்புக்காரர் நிதானம். சோம்பேறி என்று வீட்டில் திட்டு வாங்குபவர். என்னைக் கேட்டால் கயிறு பிடிக்க இந்த மூன்றாமவரே தேவலை! இரண்டு பித்த உடம்புகள் ஜோடி சேர்ந்தால் ஏறுவது போய் போட்டியில் முடியும். அதற்காக நாடி பார்த்துக் கூட்டாளி தேடச் சொல்லவில்லை.

முந்திப் போனாலும் நிற்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அமெரிக்காவின் யோசெமிட்டியில் எல் கேப்பிடன் என்று ஒரு பாறை, சுமார் 3,000 அடி உயரம். அதன் 'டான் வால்' என்ற முகப்பில் டாமி கால்டுவெல், கெவின் ஜார்ஜசன் இருவரும் 19 நாள் ஏறி, 2015 ஜனவரி 14 அன்று உச்சியைத் தொட்டார்கள். நடுவில் ஜார்ஜசனுக்கு விரல் நுனித் தோல் கிழிந்துவிட்டது. ஒரே பகுதியில் பல நாள் முயன்றும் தோல்வி. முன்னால் போய்விட்ட கால்டுவெல் நினைத்திருந்தால் தனியாக முடித்துப் பெயர் வாங்கியிருக்கலாம். நின்றார், காத்திருந்தார், கயிறு பிடித்தார். அப்படி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் நாளே வெளியூர்ப் பாறைக்குக் கிளம்ப வேண்டாம். ஊரிலேயே உள்ளரங்கச் சுவர்களில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, சில வாரம் சேர்ந்து ஏறிப் பாருங்கள். கிளம்புமுன் நீங்கள் சொல்லாமலே உங்கள் முடிச்சைத் தொட்டுப் பார்க்கிறாரா? நீங்கள் அவருடைய கருவியைச் சரிபார்த்தால் "ஏன், என்னை நம்பலையா?" என்று முகம் சுளிக்கிறாரா? சுளித்தால் அவரோடு காபி மட்டும் சாப்பிடுங்கள். பாதியில் "பயமா இருக்கு, இறக்கு" என்றால் மறுபேச்சில்லாமல் இறக்குகிறாரா, "சும்மா ஏறுடா" என்று கிண்டல் செய்கிறாரா? "ராத்திரி சரியா தூங்கலை, இன்னிக்கு நான் பிடிக்கலை" என்று தானாகச் சொல்பவரை நான் ரொம்ப மதிப்பேன். மகள் ஏறப் போனாலும் இதே கேள்விகள்தான், கூட்டத்தைப் பார்த்துத் தடுத்துவிடாதீர்கள்.

ஒன்று விட்டுப்போச்சே! எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று வெயிலும் கடும் உழைப்பும் ஆகாது. சனிக்கிழமை குளிக்கும் வழக்கம் உள்ளவர்கள், ஏறுவதையும் கயிறு பிடிப்பதையும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போடட்டும்.